டிரிப் ஷீட்டில் விழாத மணி நேரம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். லோடு ஏற்றிய 14 அடி ஈச்சர் லாரிக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். தக்கலையிலோ களியக்காவிளையிலோ மாட்டினால் அதற்கும் மேல். போக வர ஆறு மணி நேரம், மீதி நேரத்தில் ஒரு லோக்கல் அடிக்கலாம் என்பது ஆபீஸ் கணக்கு. அதில் எங்கே இடிக்கிறது என்று தெரிய, டிரைவரின் ஒரு நாளை மணி போட்டு எழுதிப் பார்த்தால் போதும்.

வெள்ளன 4 மணிக்குக் கோட்டாறு கோடவுனில் ஆஜர். ஏற்றி முடிக்க 5.15. டார்பாய் விரித்து, கயிறு இறுக்கி, பில்லும் இ-வே பில்லும் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. மின்சீட்டு) கைக்கு வர 5.45. இறக்குமிடம் சேர 8.30. முன்னால் மூன்று வண்டி நிற்கிறது; முறை வருவது 11 மணிக்கு. இறக்கி, எண்ணி, கையெழுத்து வாங்க 12.30. சாப்பிட்டு, திரும்பும் சரக்கு உண்டா என்று நாலு இடத்துக்கு போன் அடித்துவிட்டு 1.15-க்குக் கிளம்பினால் ஊர் சேர 4 மணி. பிறகு அந்த 'ஒரு லோக்கல்': வெட்டூர்ணிமடம், ஆசாரிபள்ளம் என்று நாலு கடை. வண்டியை விட்டு, கணக்கு ஒப்படைத்து வெளியே வரும்போது இரவு 7.15. மொத்தம் பதினைந்தே கால் மணி நேரம். டிரிப் ஷீட்டைப் புரட்டினால் கிலோமீட்டர் இருக்கும், டீசல் இருக்கும், பேட்டா இருக்கும். ஸ்டியரிங் பிடித்த நேரம் ஏழு மணி நேரத்துக்குள்தான். மிச்சம் எட்டரை மணி நேரம் எந்த ஏட்டிலும் இல்லை.

அந்த டிரைவர் வீடு சேர்ந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்க 10 ஆகும். மறுநாள் 4 மணி ஆஜருக்கு 3 மணிக்கே எழ வேண்டும். ஐந்து மணி நேரத் தூக்கம். இப்படி ஆறு நாள் ஓடியவர் ஏழாம் நாள் ரிவர்ஸ் எடுக்கும்போது கடைக்காரரின் ஷட்டரை இடித்தால் 'கவனக்குறைவு' என்று சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இடித்தது ஷட்டரை என்றால் அது அதிர்ஷ்டம்.

வேலை–வாழ்க்கைச் சமநிலை என்ற சொல்லைக் கேட்டதும் சென்னைக் கம்பெனிகளின் யோகா வகுப்பு நினைவுக்கு வருகிறது. லாரி ஆபீஸில் அதை வேறு விதமாகக் கேட்க வேண்டும்: காத்திருக்கும் நேரம் யார் கணக்கு? இப்போதைக்கு அது தொழிலாளியின் தூக்கத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் கழிகிறது. அதனால்தான் ஆள் கூடினாலும் வேலை கூடுவதில்லை.

சட்டம் இதை எப்போதோ எண்ணியிருக்கிறது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது. தொலைதூர ஓட்டத்துக்கும் திருவிழாக் காலத்துக்கும் விலக்கு உண்டு. அதிலும் 10 மணி, வாரம் 54-தான் உச்சம். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, நடுவே அரை மணி ஓய்வு. ஆஜர் ஆனதிலிருந்து வேலை முடிவது வரை, இடைவேளை எல்லாம் சேர்த்து 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் வேலை முடிவதற்கும் மறுநாள் தொடங்குவதற்கும் இடையே 9 மணி நேரம் வேண்டும். இந்தச் சட்டம் 2020-இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனாலும் ரோஸ்டர் (யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியல்) போடுகிறவருக்கு இந்த நாலு எண்களைப் போல உதவும் அளவுகோல் வேறு இல்லை. மேலே சொன்ன நாளை வைத்துப் பாருங்கள்: ஸ்டியரிங் நேரம் 8-க்குள் அடங்குகிறது. 12 மணி வரம்பு உடைகிறது, 9 மணி இடைவெளியும் உடைகிறது. இரண்டையும் உடைப்பது ஓட்டம் இல்லை, காத்திருப்பு.

வரிசை ஏன் நீள்கிறது

'எல்லாரும் எப்பவும் பிசியா இருக்கணும்' என்று நினைக்கும் மேலாளர்களுக்குக் காட்ட ஒரு கணக்கு உண்டு. ஒரே ஒரு லோடிங் பே, அதாவது வண்டி நின்று சரக்கு ஏற்றி இறக்கும் இடம். வண்டிகள் நேரம் காலம் இல்லாமல் வருகின்றன; ஒரு வண்டிக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆகிறது, சிலதுக்கு இருபது நிமிடம், சிலதுக்கு இரண்டரை மணி. பே பாதி நேரம் மட்டும் வேலையில் இருந்தால், வரும் வண்டி சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் என்றால் நாலு மணி. 90 என்றால் ஒன்பது. 95 என்றால் பத்தொன்பது. வேலையளவை 80-இலிருந்து 90 ஆகக் கூட்டியதற்குக் காத்திருப்பு இரட்டிப்புக்கும் மேல் போகிறது. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரம் தரும் எண்கள் இவை. நிஜக் கோடவுனில் இரவு ஆனால் கதவு சாத்திவிடுவதால் இவ்வளவு தூரம் போகாது. ஆனால் வளைவு இதேதான். நாகர்கோவில் அப்டா மார்க்கெட் பக்கம் விடிகாலையில் நின்று பார்த்தவர்களுக்குச் சூத்திரம் தேவைப்படாது.

ஆளுக்கும் இதே கணக்கு பொருந்தும். நாள் முழுக்க நூறு சதவீதம் வேலை ஒதுக்கப்பட்ட பணியாளரிடம் ஒரு வண்டி தாமதமாக வந்தால், அந்தத் தாமதத்தை விழுங்க அவரிடம் இடம் இல்லை. அது அடுத்த வண்டிக்கு, அதற்கடுத்ததுக்கு என்று தள்ளிப்போய், கடைசியில் இரவு ஒன்பதரைக்கு வந்து நிற்கும். அதனால் எட்டு மணி ஷிப்டுக்கு ஆறரை மணி நேர வேலையை மட்டும் திட்டமிடுங்கள். மீதி ஒன்றரை மணி நேரம் சும்மா கிடக்கும் என்று பயப்பட வேண்டாம். மழையும் மார்த்தாண்டம் நெரிசலும் சேர்ந்து அதை எப்படியும் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது மருந்து, வண்டிகள் வரும் ஒழுங்கின்மையைக் குறைப்பது. அதற்கு சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். முந்தின நாள் மாலை 5 மணிக்குள் மறுநாள் லோடு எவை என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நேரம் கொடுங்கள். நேரத்துக்கு முன்னும் பின்னும் 20 நிமிடம் சலுகை. தவறினால் கடைசி இடம், அது முதலாளியின் மச்சான் வண்டியானாலும் சரி. (இந்தத் திட்டம் எங்கெல்லாம் படுத்ததோ அங்கெல்லாம் பெரும்பாலும் அந்த மச்சானால்தான் படுத்தது.) கேரளா போகும் வண்டிகளுக்கு முதல் நேரங்களைக் கொடுக்க வேண்டும். அங்கே 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி பல இடங்களில் பதிவு பெற்ற சுமட்டுத் (சுமை தூக்கும்) தொழிலாளர்கள்தான் இறக்குவார்கள். நம் கிளீனர் கை வைக்க முடியாது. அவர்களுக்கும் சாயா நேரம், ஊண் நேரம் உண்டு. ஒன்பது மணிக்குச் சேர்கிற வண்டிக்கும் பத்தே காலுக்குச் சேர்கிற வண்டிக்கும் நடுவே ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம்; வீடு திரும்பும்போது அது மூன்று மணி நேரமாகியிருக்கும்.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிகவரிச் சோதனைச் சாவடி வரிசை ஒழிந்தது. காகிதத் தொல்லை மட்டும் ஆபீஸுக்கு இடம் மாறியிருக்கிறது. இ-வே பில் செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அந்த 'ஒரு நாள்' பில் போட்ட தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவில் முடிகிறது. இரவு 11.50-க்கு வண்டி எண்ணைப் பதிந்தால் கிடைப்பது 24 மணி நேரம் சொச்சம். கால் மணி பொறுத்து 12.05-க்குப் பதிந்தால் ஏறக்குறைய 48 மணி நேரம். நள்ளிரவை ஒட்டி லோடு முடிகிற ராத்திரிகளில் இந்தக் கால் மணி நேரம், வழியில் டயர் பஞ்சரானால் டிரைவரை விரட்டாமல் காக்கும். காலாவதி ஆவதற்கு முந்தைய 8 மணி நேரத்திலும் பிந்தைய 8 மணி நேரத்திலும் நீட்டிப்பு செய்யலாம் என்பதையும், நீட்டிக்க வேண்டியது ஆபீஸ் வேலை என்பதையும் டிரைவரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். 'பில் முடியப் போகுது' என்ற பயம்தான் பல பேரை உறக்கம் சொக்கும்போதும் ஓட்ட வைக்கிறது.

சுமை

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. வயது வந்த ஒரு ஆண் தூக்கும் உச்சமாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்தது 55 கிலோ. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் தன் சூத்திரத்தில் வைத்திருக்கும் தொடக்க எடை 23 கிலோ. அதுவும் பொருள் உடம்பை ஒட்டி, தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, திருகாமல், எப்போதாவது ஒரு முறை தூக்கும்போது. தரையிலிருந்து எடுத்தால் குறையும், உடம்பைத் திருப்பினால் இன்னும் குறையும், நிமிடத்துக்குப் பத்து முறை என்றால் பாதிக்கும் கீழே போகும். நம் கோடவுன்களில் இந்த மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன.

முழுக்க இயந்திரமாக்க நம்மூர் வாடகைக் கோடவுனில் இடமும் கிடையாது, பணமும் கிடையாது. ஆனால் மரத்தட்டுகளை இரண்டு மூன்று அடுக்கி அதன்மேல் முதல் வரிசை வைத்தால் தரையிலிருந்து குனிந்து தூக்குவது நின்றுவிடும். கனமான பெட்டிகளை முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட தட்டுகளிலும், லேசானவற்றை மேலேயும் கீழேயும் வைக்க வேண்டும். வண்டியின் பின்கதவுக்கும் பேயின் தரைக்கும் ஒரு சாண் உயர வித்தியாசம் இருந்தால் ஒரு இரும்புத் தகடு போட்டு டிராலியை நேராக உள்ளே தள்ளலாம். இந்தத் தகடு இல்லாமல் டிராலி வாங்கி மூலையில் சாத்தி வைத்திருக்கும் இடங்கள் நிறைய.

சரக்கு மாறிப்போவது, எண்ணிக்கை தப்புவது, பெட்டி நசுங்குவது, இந்த மூன்றையும் மணிவாரியாக ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். 'ஆள் சரியில்லை' என்று நினைத்த பிழைகள் பெரும்பாலும் ஆளோடு சேர்ந்து வருவதில்லை, மணியோடு சேர்ந்து வருகின்றன: ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்கு முந்தின அரை மணி, நைட்டில் 3 மணிக்கு மேல். மார்த்தாண்டத்துக்குப் போக வேண்டிய பெட்டி திங்கள்சந்தைப் பையில் விழுந்தால் அதைத் தேட, போன் பேச, திரும்பக் கொண்டுவர, மறுபடி கொடுக்க என்று நாலு பேரின் நேரம் போகிறது. ஒரு பெட்டியை ஊர்வாரியாகப் பிரிக்க ஆகும் நேரம் அரை நிமிடம். மாறிப்போன பெட்டியைச் சரிசெய்ய ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஓ.டி. கொடுத்து வாங்கிய அந்தக் கடைசி இரண்டு மணி நேரம் சம்பாதித்ததா, செலவழித்ததா என்று அந்த நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இது இன்று நேற்று கண்டது இல்லை. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் எடுத்த பதிவேடுகளை ஜான் பென்கவெல் என்ற பொருளியல் அறிஞர் 2014-இல் மறுபடி ஆராய்ந்தார். வாரம் 49 மணி நேரம் வரை வேலை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தி கூடியது. அதற்கு மேல் கூடும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தி, 56 மணி நேர வாரத்தின் உற்பத்தியைவிடப் பெரிதாக உயரவில்லை. பதினான்கு மணி நேரம் காற்றில் போயிருக்கிறது.

தண்ணீரும் கழிப்பறையும் இல்லாமல் சுமையைப் பற்றிப் பேச முடியாது. கடலோர மாவட்டத்தின் புழுக்கத்தில் தகரக் கூரைக்கு அடியில் சுமை தூக்குகிறவர் கால் மணிக்கு ஒரு டம்ளர், அதாவது மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்க வேண்டும். தண்ணீர் கேன் பேயிலிருந்து இருபது அடிக்குள் இருந்தால் குடிப்பார்கள். ஆபீஸ் அறைக்குள் இருந்தால் குடிக்க மாட்டார்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். மதியத்துக்கு மேல் தலைவலி, தவறான ஸ்கேன், அடிக்கடி லீவு என்று அது வெளியே வரும். இன்னொன்று: சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. ஷிப்ட் முடிவதை அந்தக் கடைசி டவுன் பஸ்ஸுக்குக் கால் மணி முன்னால் வையுங்கள். பத்து நிமிடம் தப்பினால் ஆட்டோவுக்குப் போவது அன்றைய சம்பளத்தில் ஒரு பங்கு. பொதி பிரிக்கும் பெண்கள் இரண்டே மாதத்தில் வேலையை விடுவதற்குக் காரணம் தேடும் சூப்பர்வைசர்கள் முதலில் பார்க்க வேண்டியது பஸ் டைம்.

எண்பது பார்சல் எல்லா இடத்திலும் எண்பது இல்லை

குமரி மாவட்டத்தில் வீடுகள் தெருவாக அடுக்கி இருப்பது குறைவு. விளைகளுக்குள், தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. கதவு எண்ணைவிட வீட்டுப் பெயரும் 'சி.எஸ்.ஐ. சர்ச்சுக்கு மேக்க' என்ற அடையாளமும்தான் முகவரி. நாகர்கோவில் நகரத்துக்குள் ஒரு டெலிவரிக்கு நாலு நிமிடம் என்றால், அருமனைக்கும் குலசேகரத்துக்கும் மேலே பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். போன் எடுக்காவிட்டால் அதற்கும் மேல். இரண்டு பேருக்கும் எண்பது எண்பது என்று பிரித்துக் கொடுப்பது பார்வைக்குத்தான் நியாயம்.

பார்சலை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள். நகரத்து நிறுத்தம் ஒரு புள்ளி, கிராமத்து நிறுத்தம் இரண்டு, எஸ்டேட் வழி இரண்டரை. கேஷ் ஆன் டெலிவரி என்றால் அரைப் புள்ளி கூட. சில்லறை தேடவும் எண்ணவும் நேரம் ஆகும். மாடி ஏற்ற வேண்டிய பெட்டிக்கு ஒரு புள்ளி கூட. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை புள்ளி என்று வைத்துக்கொண்டு பிரித்தால் மலையோர ரூட்டை யாருக்குப் போடுவது என்ற சண்டை குறையும். மழை மாதங்களில் புள்ளியளவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இங்கே ஜூனிலும் மழை, அக்டோபர்–நவம்பரிலும் மழை. இரண்டு பருவமும் நமக்குத்தான்.

ராத்திரி பணம் ஒப்படைப்பது பலர் மறக்கும் இடம். எட்டு பேர் ஒரே நேரத்தில் வந்து ஒரு கேஷியர் முன்னால் நின்றால் கடைசி ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆளுக்குப் பத்து நிமிட இடைவெளியில் நேரம் கொடுத்தால், அல்லது மதியம் ஒரு முறை பாதிப் பணத்தை வாங்கி வைத்தால், அந்த வரிசையே இருக்காது. டெலிவரிப் பையனுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். வீட்டில் பிள்ளை தூங்குவதற்கு முன்னால் போய்ச் சேரலாமா என்பதே அந்த அரை மணியில்தான் இருக்கிறது.

ராத்திரி ஓட்டம்

நாகர்கோவில்–சென்னை சுமார் 700 கிலோமீட்டர். லோடு வண்டிக்குச் சராசரி 45 கிலோமீட்டர் வேகம் வைத்தால் பதினைந்தரை மணி நேரம். தேசிய பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதி 2018-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஒரே ஆளை வைத்து ஒரே மூச்சில் அடிப்பது சாதாரணமாகிவிட்டது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை–கண் தடுமாற்றம் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போன்றது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 0.03. ஒரு சொட்டுகூடக் குடிக்காதவர்தான். ஊதச் சொன்னால் மெஷினும் பச்சைதான் காட்டும்.

எட்டு மணி நேரத்தில் 360 கிலோமீட்டர் போகலாம். அது விராலிமலையைத் தாண்டித் திருச்சியை நெருங்கும் தூரம். ஒற்றை டிரைவர் என்றால் அங்கே இரவுத் தங்கல் வைத்து மறுநாள் போவது ஒரு வழி. அதைவிட நல்லது திருச்சியில் ஆள் மாற்றுவது: இங்கிருந்து போனவர் அங்கே இறங்கி ஓய்ந்து, சென்னையிலிருந்து வரும் வண்டியை எடுத்துத் திரும்புவார். ஒரு ராத்திரி வெளியே, மறு ராத்திரி வீட்டில். இதற்கு இரண்டு பக்கமும் வண்டி தினமும் ஓட வேண்டும். வாரம் இரண்டு லோடு மட்டும் உள்ளவர்களுக்கு ஒத்துவராது. அவர்கள் சரக்கு சேரும் நேரத்தை ஒரு நாள் தள்ளி ஒத்துக்கொள்வதுதான் வழி. வாடிக்கையாளரிடம் அந்த ஒரு நாளைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் டிரைவரிடம் ஒரு ராத்திரியைக் கேட்கக் கூச்சப்படுவதில்லை.

உடம்பு மிகவும் தளர்வது விடியற்காலை 2 முதல் 5 வரை. அந்நேரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கும்படி டைமிங் போடாமல் இருந்தால் நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் பக்கம் பக்கவாட்டுக் காற்று காலி வண்டியைத் தள்ளும், பாதித் தூக்கத்தில் இருப்பவர் அதைத் திருத்த ஒரு நொடி தாமதிப்பார். வழியில் உறக்கம் வந்தால் 20 நிமிடம் மட்டும் தூங்க வேண்டும். முக்கால் மணி தூங்கி எழுந்தால் தலை கனத்து முன்னைவிட மோசமாகும். சாயாவைக் குடித்துவிட்டுப் படுப்பது நல்லது. அது வேலை செய்யத் தொடங்க அரை மணி ஆகும், எழும்போது கைகொடுக்கும். எழுந்ததும் கால் மணி நடந்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். கோடவுன் ஷிப்ட் சுழற்சியைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றுங்கள். இரவிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து காலைக்கு என்று பின்னோக்கி வைத்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் தூக்கம் வெட்டுப்படும்.

மீன் வண்டி தனிக் கதை. குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் வள்ளம் எப்போது கரை சேரும் என்று யாரும் எழுதித் தர முடியாது. நடுராத்திரியிலிருந்து டிரைவரைத் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பதால் மீனும் சீக்கிரம் வராது, கிலோவுக்குக் கிலோ போட வேண்டிய ஐஸும் பெட்டியில் கரையும். வண்டியில் ஐஸை ஏற்றுவதையும் டிரைவரைக் கூப்பிடுவதையும் ஏலம் தொடங்கும் தகவலோடு கட்டுங்கள். வீட்டில் போனோடு காத்திருக்கும் நேரத்துக்குப் பாதிக் கூலி வையுங்கள். இல்லாவிட்டால் நல்ல டிரைவர் ரப்பர் லோடுக்குப் போய்விடுவார். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுத் தடைக்காலம். சின்னமுட்டத்துக்கு முதலில் சொன்ன தடை, குளச்சலுக்கு இரண்டாவது. இந்த மாவட்டம் மட்டும் இரண்டிலும் விழுகிறது. இரண்டு துறைகளுக்கும் வண்டி விடுகிறவர் ஆட்களை இங்கும் அங்கும் மாற்றலாம். வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று), லைசென்ஸ் புதுப்பிப்பு, கண் பரிசோதனை, மொத்தமாக எடுக்கும் லீவு எல்லாவற்றையும் இரண்டு தடையும் ஒன்றாக விழும் ஜூன் முதல் பாதியில் முடித்துக்கொள்ளலாம்.

லீவு

2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். ரோஸ்டர் போடுகிறவருக்கு இதைவிட வசதி வேறு எந்த மாவட்டத்திலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக வேண்டியவர்களுக்கு அந்த லீவு. கோயில் கொடைக்கும் மண்டைக்காட்டுக்கும் சுசீந்திரம் மார்கழித் தேருக்கும் போக வேண்டியவர்களுக்கு அந்த நாட்கள். தக்கலை, திருவிதாங்கோடு, இடலாக்குடி ஆட்களுக்கு வெள்ளி மதியமும் பெருநாளும். ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரிடமும் 'விட முடியாத ஐந்து நாள்' எவை என்று கேட்டு எழுதிக்கொண்டால், கடைசி நேரத்தில் 'பாட்டி இறந்துட்டாங்க' லீவு பாதியாகும். ஒரே சபையைச் சேர்ந்தவர்களை மட்டும் வைத்து ஒரு ஷிப்ட் அமைக்காதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா வந்தால் அந்த ஷிப்டே காலி. பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு ஞாயிறுதான் என்பதால் எல்லா மதத்தாருக்கும் மாதம் ஒரு ஞாயிறாவது கட்டாயம் வர வேண்டும்.

ஓணத்துக்கு முன் பத்து நாள் தோவாளைப் பூ, டிசம்பரில் கிறிஸ்துமஸ் பார்சல், நவம்பர் முதல் ஜனவரி வரை சபரிமலை வண்டிகளால் சாலை நெரிசல். இந்த வேலையளவு திடீரென்று வருவதில்லை, காலண்டரிலேயே இருக்கிறது. டிசம்பர் 20-ஆம் தேதி ஆள் தேடுகிறவருக்குக் கிடைப்பவர்கள் பின்கோடு தெரியாதவர்கள்தான். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே தேர்ந்த ஆளின் நேரம் போய்விடும். நவம்பர் கடைசியிலேயே எடுத்து, இரண்டு வாரம் கூடவே அனுப்ப வேண்டும்.

செய்யப் போனால் எங்கே இடிக்கும்

முதல் எதிர்ப்பு டிரைவரிடமிருந்தே வரும். டிரிப்புக்கு பேட்டா என்ற முறையில், டிரிப் குறைந்தால் வருமானம் குறைகிறது. 'அண்ணே, எனக்கு ரெஸ்ட் வேண்டாம், லோடு தாருங்க' என்பார். அவர் சொல்வது நியாயம். காத்திருப்புக்குப் பணம் வைக்காமல் டிரிப்பை மட்டும் குறைத்தால் அது தண்டனை. ஆகவே வரிசை இப்படி: முதலில் காத்திருப்பு மணிக்கு ஒரு தொகை, அப்புறம்தான் டிரிப் குறைப்பு.

அந்தத் தொகைக்குப் பணம் சரக்குக்காரரிடமிருந்து வர வேண்டும். லாரி ரசீதிலேயே அச்சடியுங்கள்: இறக்குமிடத்தில் முதல் இரண்டு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. வந்து சேர்ந்த நேரத்துக்குக் கேட்டில் கையெழுத்து வாங்காவிட்டால் இந்த வரிக்கு மதிப்பில்லை. கையெழுத்துத் தர மறுத்தால், நேரமும் இடமும் பதியும் கேமரா ஆப்பில் கடைப் பலகையோடு வண்டியைப் படமெடுத்துக் குழுவில் போட்டால் போதும். பணம் தர மாட்டோம் என்று நிற்கிறவர்கள்கூட நேரம் எழுதப்படுகிறது என்று தெரிந்ததும் ஆளை வைத்து இறக்கிவிடுவார்கள். பணம் கைக்கு வராவிட்டாலும் இரண்டு மணி நேரம் கிடைத்துவிடும்.

அடுத்த இடர் சூப்பர்வைசர். ஒன்றரை மணி நேரம் காலியாகத் தெரிந்தால் அதில் இன்னொரு லோக்கலைச் செருகாமல் அவரால் இருக்க முடியாது. லோடு எண்ணிக்கையை வைத்து மட்டும் அவருக்கு இன்சென்டிவ் கொடுக்கும்வரை இது மாறாது. ஆஜரிலிருந்து வெளியேறும்வரை 12 மணி நேரத்தைத் தாண்டிய நாட்கள் எத்தனை என்பதையும் அவருடைய மாத அட்டையில் ஒரு எண்ணாக வையுங்கள். ஷிப்ட் முடிந்த பிறகு 'நாளைக்கு வண்டி எங்க?' என்று போன் அடிப்பதை நிறுத்த, இரவு 8 முதல் காலை ஆஜர் வரை எல்லா அழைப்பும் ஒரே ஒரு டியூட்டி நம்பருக்கு என்று திருப்பினால் போதும். அந்த போனை வைத்திருப்பவருக்கு அன்று வேறு வேலை கிடையாது.

பொய்யாக நிரப்பும் ஷீட்டும் வரும். எல்லா நாளும் சரியாக 8 மணி, சரியாக அரை மணி ஓய்வு என்று எழுதியிருந்தால் அது உட்கார்ந்து எழுதியது. ஜி.பி.எஸ். நின்ற நேரத்தோடு வாரம் ஒரு முறை மூன்று ஷீட்டை மட்டும் ஒப்பிடுங்கள், எல்லாவற்றையும் வேண்டாம். பொருந்தாவிட்டால் டிரைவரைத் திட்டுவதற்கு முன், உண்மையை எழுதினால் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேளுங்கள்.

தொடங்குவதற்கு நல்ல மாதம் பிப்ரவரி. பொங்கல் முடிந்திருக்கும், மண்டைக்காடு கொடியேற இன்னும் சில நாள் இருக்கும், மழையும் இல்லை. பழைய டிரிப் ஷீட்டையே வைத்துக்கொண்டு வலது ஓரத்தில் பேனாவால் நாலு கட்டம் போடுங்கள்: சேர்ந்த நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வீட்டுக்குப் போன நேரம். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் மட்டும் போதும். பதினைந்தாம் நாள் சேர்ந்த நேரத்துக்கும் இறக்கத் தொடங்கிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைவாரியாகக் கூட்டுங்கள். மொத்தக் காத்திருப்பில் பாதிக்கு மேல் மூன்று நாலு கடைகளில்தான் வந்து நிற்கும். முதல் போன் அவர்களுக்கு.